சிவப்பு எண்ணெயும் கடற்பாசியும்

(லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உணவு அறிவியலில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஹட் பேயில் பேசுவதென்றால் எனக்கு ஒரே தலைப்புத்தான் தோன்றியது. கொழுப்பில் கரையும் வைட்டமின்களை, குறிப்பாக வைட்டமின் ஏ சத்தை, உண்ணத்தக்க ஜெல்லுக்குள் பொதிந்து, வழியில் கெடாமல் குடல்வரை கொண்டுசேர்த்து, அங்கே விடுவிக்கும் முறை. அதற்கும் லிட்டில் அந்தமானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உங்கள் ஊர் பாமாயில் தோட்டத்தில் இருக்கிறது.

1970களிலும் 80களிலும் உருவாகி, அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருந்த அந்தத் தோட்டத்தின் பரப்பு 1,593 ஹெக்டேர். அங்கே குலை வெட்டியவர்களும் ஆலையில் வேலை பார்த்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பழக்குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்ததும் இறங்கும் எண்ணெயின் நிறம் அவர்களுக்குத் தெரியும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் எளிதில் போகாத அடர்ந்த செம்மை. அந்தச் செம்மை முழுவதும் கரோட்டினாய்டு. ஒரு கிலோ கச்சா எண்ணெயில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை அது இருக்கும். அதில் பாதிக்கு மேல் பீட்டா கரோட்டின், மூன்றில் ஒரு பங்கு ஆல்ஃபா கரோட்டின். இரண்டையும் நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். தேவைக்கு ஏற்ப மட்டுமே மாற்றும் என்பதால் உணவின் வழியே வரும் கரோட்டினால் வைட்டமின் ஏ மிகையாகி நஞ்சாவதில்லை. கூடவே வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோக்கோஃபெரோல், டோக்கோட்ரையினால் ஆகியவையும் ஒரு கிலோவுக்கு 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 510 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வரையறுத்தது. எண்ணெயில் கரைந்த பீட்டா கரோட்டின் இரண்டு மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்கு ஈடு. ஆல்ஃபா கரோட்டின் என்றால் ஏறக்குறைய நான்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் சிவப்பு எண்ணெய் மூன்று கிராம் போதும். ஒரு தேக்கரண்டி என்பது நான்கரை கிராம். அதாவது, கெடாமல் உள்ளே போனால், ஒரு தேக்கரண்டியே அந்தக் குழந்தையின் ஒரு நாள் தேவைக்கு மேல்.

ஆனால் கடையில் வாங்கும் பாமாயில் வெளிறிய மஞ்சளாக அல்லவா இருக்கிறது? சுத்திகரிப்பு ஆலையில் வெளுப்பு மண்ணைக் கலந்து நிறத்தை உறிஞ்சுகிறார்கள். பிறகு வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவியைச் செலுத்தி வாடையைப் போக்குகிறார்கள். கரோட்டின் முழுக்க அழிந்துபோகிறது. அதற்குப் பின் செயற்கையாகத் தயாரித்த வைட்டமின் ஏ, டி இரண்டையும் சேர்த்து, செறிவூட்டிய எண்ணெய் என்ற முத்திரையோடு நியாயவிலைக் கடைக்கு அனுப்புகிறோம். செறிவூட்டல் நல்ல திட்டம், நான் அதை ஆதரிக்கிறேன். ஆனாலும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் குறைவாக இருக்கும் ஒரு சத்தை, அது நிறமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மண்ணில் கலந்து எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த எண்ணெயின் மதிப்பு நமக்குப் புதிதாகத் தெரிந்ததும் இல்லை. குன்னூரில் மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு 1930களின் நடுவில் இயக்குநராக வந்தவர் அய்க்ராய்டு. அக்காலத்தில் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கருவிழி கரைந்த நிலையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கெரட்டோமலேசியா என்ற அந்த நோய் வைட்டமின் ஏ இல்லாததால் வருவது. அதற்கு மருந்து மீன் ஈரல் எண்ணெய். அது கடல் கடந்து வரவேண்டும், விலையும் அதிகம். அய்க்ராய்டும் எழும்பூர் மருத்துவமனையின் ரைட்டும் சிவப்புப் பாமாயிலைக் கொண்டு அந்த நோய்க்குச் சிகிச்சை செய்து, 1937-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் காட்டி ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவ்வளவு விரைவில் ஆய்வகத்து உண்மை சென்னையில் ஒரு குழந்தையின் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. உணவு அறிவியல் படிக்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்த காலத்தில், 1970-ல், பெருமாத்திரைத் திட்டம் நாடெங்கும் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் வாயில் இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. கொழுப்பில் கரையும் சத்து ஈரலில் சேமிக்கப்படும், அதனால் ஒரே தடவையில் கொடுத்துவிடலாம் என்பது அதன் தர்க்கம். கண்கள் அவிந்துகொண்டிருந்த காலத்தில் அவசரத்துக்கு எடுத்த சரியான முடிவு அது. ஆனால் அவசர வழியே நிரந்தர வழியாகிவிடக் கூடாது, உணவின் மூலம் தருவதே தீர்வு என்று கோபாலன் தம் முதுமைவரை வாதாடினார். 2019-ல் நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

இன்றைய பேச்சின் மையம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு லட்சம் யூனிட் என்பது 60,000 மைக்ரோகிராம். ஆறு மாதத்துக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 330 மைக்ரோகிராம். இப்போது வேறொரு ஆய்வைப் பாருங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேருக்கு வாரந்தோறும் 8,333 யூனிட் வைட்டமின் ஏ. தொண்டர்கள் வீடு தேடிச் சென்று கொடுத்தார்கள். 8,333 யூனிட் என்பது 2,500 மைக்ரோகிராம். ஏழு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 357. ஆக, இரண்டு முறையிலும் சராசரி அளவு கிட்டத்தட்ட ஒன்றே. கொடுத்த விதம் வேறு. திருச்சியில் வைட்டமின் பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. 1990-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான முடிவு அது. உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாத மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2013-ல் வந்தபோது, இறப்பு 4 விழுக்காடு அளவே குறைந்திருந்தது. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு.

இரண்டும் வெவ்வேறு காலம், வெவ்வேறு மாநிலம். தடுப்பூசியும் மருத்துவ வசதியும் மாறியிருந்தன. திருச்சியில் வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்ததில், இரு பிரிவினருக்குமே கிடைத்த கவனிப்பும் தனி. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனாலும் உடற்கூறு ஒரு செய்தியைச் சொல்கிறது. சிறுகச் சிறுக வரும் சத்தைக் குடல் நன்றாக ஏற்கிறது. ஒரேயடியாக வருவதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும் குழந்தைக்கு, மாத்திரை கொடுத்த அன்று வயிறு சரியில்லை என்றால் ஆறு மாதச் சத்தில் பெரும்பகுதி ஒரே நாளில் வீண். நாள்தோறும் சாப்பாட்டோடு சிறிதளவு வந்தால் ஒரு நாள் போனாலும் மறுநாள் இருக்கிறது.

அப்படியானால் சாப்பாட்டில் கலந்துவிட வேண்டியதுதானே? கலக்கலாம். ஆனால் வைட்டமின் ஏ-யும் கரோட்டினும் மிக மென்மையான மூலக்கூறுகள். அவற்றின் உடலில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள். அந்தப் பிணைப்புகளால்தான் நிறம்; அவற்றால்தான் பலவீனமும். வெளிச்சம் பட்டால் சிதையும், காற்றின் ஆக்சிஜன் பட்டால் சிதையும், அரிசியிலோ பருப்பிலோ உள்ள இரும்பு பக்கத்தில் இருந்தால் அந்தச் சிதைவு இன்னும் வேகமாகும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய எண்ணெய்ப் பாக்கெட்டில், நாலு தடவை வடை சுட்ட வாணலியில், சேர்த்த வைட்டமினில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? ஹட் பே போன்ற ஊரில் இது இன்னும் பெரிய கேள்வி. இங்கே வரும் எண்ணெயும் பருப்பும் பால்பவுடரும் முதலில் பெருநிலத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேற வேண்டும். அங்கிருந்து மறுபடி கப்பல். கடல் கொந்தளித்தால் அதுவும் நிற்கும். ஆலையில் அளந்து சேர்த்த சத்து, கிடங்கிலும் கப்பலிலும் வெக்கையிலும் கிடந்து, இங்கே குழந்தையின் தட்டுக்கு வரும்போது அதே அளவில் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

எனவே வைட்டமினைச் சுற்றி ஒரு காப்பு வேண்டும். அந்தக் காப்பு அடுப்பிலும் வாயிலும் இரைப்பையிலும் தாங்க வேண்டும். சிறுகுடலில் அவிழ வேண்டும். கட்டுப்படுத்திய விடுவிப்பு என்று நூல்களில் படிப்பதன் முழுப் பொருளும் இதுதான். மருந்துத் துறையில் இதைப் பன்னிரண்டு மணி நேரம் சீராக விடுவது என்று எண்ணுவார்கள். உணவுத் துறையில் எந்த நேரம் என்பதைவிட எந்த இடம் என்பதே முக்கியம்.

மாணவர்கள் மேசைக்கு அருகே வரலாம். இந்தக் கண்ணாடிக் குவளையில் இருப்பது சோடியம் ஆல்ஜினேட் கரைசல், 100 மில்லி தண்ணீரில் இரண்டு கிராம். தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையாகி உள்ளே உலர்ந்து கட்டி கட்டியாக நின்றுவிடும். மிக்ஸி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரை அடங்க இரவெல்லாம் வைத்திருந்தேன். இதில் சிவப்புப் பாமாயில் பத்து மில்லியும் சோயா லெசித்தின் சிறிதளவும் சேர்த்து அடித்திருக்கிறேன். எண்ணெய் பொடித்துளிகளாகி நீரெங்கும் பரவி, ஆரஞ்சு நிறப் பால்மமாக நிற்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சில் இதை எடுத்து, அடுத்த குவளையில் உள்ள கால்சியம் லாக்டேட் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். சொட்டு விழுந்த மாத்திரத்தில் உருண்டு திரள்கிறது பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் விரலுக்கிடையில் வைத்து அழுத்தலாம், உடையாது. பிளேடால் நறுக்கிக் காட்டுகிறேன். உள்ளேயும் அதே ஆரஞ்சு. எண்ணெய் ஒழுகவில்லை.

நடந்தது என்ன? ஆல்ஜினேட் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதன் மடிப்புகளில் குழிகள் உண்டு. இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வரும்போது அக்குழிகளில் கால்சியம் அயனிகள் போய் உட்கார்ந்து இரண்டையும் பூட்டிவிடுகின்றன. முட்டை அடுக்கும் அட்டையில் முட்டைகள் உட்காருவதைப் போல என்று 1973-ல் இதை விளக்கிய ஆங்கில அறிஞர்கள் எழுதினார்கள். இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. பூட்டப்பட்ட வலையின் கண்கள் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நீரில் கரையும் வைட்டமின் சி போன்றவை அந்தக் கண் வழியே சில நிமிடங்களில் நழுவிவிடும். எண்ணெய்த் துளியோ கண்ணைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் வெளியேற முடியாது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்குக்கும் இந்த ஜெல் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

இந்த மணிகளில் கொஞ்சத்தை வினிகரில் போடுகிறேன். இரைப்பை அமிலத்துக்குப் பதிலாக. சுருங்குகின்றன, கரையவில்லை. இன்னும் கொஞ்சத்தைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் போடுகிறேன். சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் மணிகள் உப்பி, விளிம்பு மங்கி, கடைசியில் குவளை முழுதும் ஆரஞ்சாகிவிடும். சிறுகுடலில் நடப்பதும் ஏறத்தாழ இதே. அங்கே அமிலம் தணிகிறது, சோடியமும் பாஸ்பேட்டும் கால்சியத்தை இடம்பெயர்க்கின்றன, வலை தளர்கிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் நொதி எண்ணெய்த் துளியை உடைக்கிறது. பித்தநீர் உப்புகள் உடைந்த கொழுப்பையும் கரோட்டினையும் சேர்த்து நுண்திரள்களாக்கிக் குடல் சுவரிடம் ஒப்படைக்கின்றன. கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் கீரை எவ்வளவு தின்றாலும் கரோட்டின் சரியாகச் சேராது. இந்த மணியோ தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. ரேஷன் அரிசியும் நீர்த்த குழம்புமாகச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

ஆல்ஜினேட் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் கரையில் கட்டக்கோரை என்று சொல்லும் பழுப்புப் பாசியிலிருந்து. வேறு பாசிகளும் ஜெல் தரும்: அகர் தருவது மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும். காராஜீனன் தருவது கப்பாஃபைகஸ். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் அந்தக் கரையில் அதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பேராகிவிட்டது. மண்டபத்தைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக் கடலுக்குள் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின் அவர்களுக்குப் பல இடங்கள் அடைபட்டன. உலகச் சந்தையில் ஜெல் தொழிலின் மதிப்பைப் பேசும் எவரும் அந்தப் பெண்களுக்குக் கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

எந்த ஜெல்லை எந்தச் சமையலுக்கு என்பது தனி விவரம். ஜெலட்டின் உடல் வெப்பத்திலேயே உருகிவிடும். மருந்துக் கம்பெனிகள் நெடுங்காலமாக வைட்டமின் ஏ மணிகளை அதில்தான் செய்கின்றன, ஆனால் விலங்குப் பொருள் என்பதால் நம் சமையலறைகளில் பல வீடுகள் ஒதுக்கும். அகர் 85 டிகிரிவரை தாங்கும். கடல்பாசி என்ற பெயரில் நோன்புக் காலத்தில் செய்யும் இனிப்புக்கும் பழக்கூழ் மிட்டாய்க்கும் உகந்தது. இவற்றுள் கொதிக்கும் குழம்பில் உருகாமல் நிற்பது கால்சியம் ஆல்ஜினேட் ஒன்றே. புளி அமிலம் அதற்கு நல்லது. உப்புத்தான் எதிரி, உப்பில் உள்ள சோடியம் கால்சியத்தை மெல்ல மெல்ல வெளியே தள்ளி, மணியை வெந்துகொண்டிருக்கும்போதே தளர்த்திவிடும். அதனால் சத்துணவுக் கூடத்தில் பயன்படுத்துவதானால் இறக்கும் தறுவாயில், பரிமாறும் முன் சேர்க்கச் சொல்ல வேண்டும். தண்ணீரே இல்லாமல் எண்ணெயையே ஜெல்லாக்கும் ஓலியோஜெல் என்ற வகையும் உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மரங்கோனியின் குழு இதில் பெரும்பணி செய்திருக்கிறது. தவிட்டு மெழுகு சில விழுக்காடு கலந்தாலே எண்ணெய் நெய்போல் உறையும். ரொட்டியில் தடவிக் கொடுக்க அது ஏற்றது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. காப்பு இறுகினால் சத்து பாதுகாப்பாக இருக்கும், ஆனால் குடலிலும் அவிழாமல் வெளியே போய்விடும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்ளிமெண்ட்ஸ் குழுவினர் பீட்டா கரோட்டினை ஆல்ஜினேட் மணிகளில் பொதிந்து சோதித்தபோது, கரோட்டின் கெடுவது குறைந்தது. அதே நேரம், செரிமானச் சோதனையில் உடலுக்குக் கிடைக்கும் பங்கும் வெறும் பால்மத்தைவிடக் குறைந்தது. மணியைச் சிறியதாக்கினால் இந்தக் குறை தணிகிறது. மணி சிறிதானால் மேற்பரப்பு கூடிக் காற்றுப் படுவதும் கூடுகிறது. இந்த இழுபறிக்கு ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனியே விடை கண்டாக வேண்டும். அடுத்தது ஈரம். மணியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். குளிர்பதனம் இல்லாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தினால் மேலே எண்ணெய் கசிந்து காற்றில் கெடும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இந்தத் தீவில் உலர்த்திய மணி திறந்த டப்பாவில் மறுபடி ஈரம் கோர்த்துக்கொள்ளும். நாக்கும் ஒரு நீதிபதி. மூன்று மில்லிமீட்டர் மணி பாயசத்தில் ஜவ்வரிசியோடு ஒன்றிவிடும். பருப்பில் கிடந்தால் குழந்தை துப்பிவிடும். பருப்புக்கு நாக்கில் தட்டுப்படாத நுண்மணி வேண்டும். அதைச் செய்யத் தெளிப்பு இயந்திரம் வேண்டும்.

இவையெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடும் காரியங்கள் என்று நினைக்க வேண்டாம். உப்பில் அயோடினையும் இரும்பையும் சேர்த்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். இரும்பைப் பொதிந்து தனியே நிறுத்தும் வழியை டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டியோசாடியின் குழு உருவாக்கியது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரிக்கத் தொடங்கியது. 2004 முதல் அது சத்துணவுக் கூடங்களுக்குச் சென்றது. ஓர் அரசு நிறுவனம், ஓர் எளிய உப்பளம், பள்ளிப் பிள்ளைகளின் தட்டு. பொதிவுத் தொழில்நுட்பம் ஏழைக் குழந்தைக்குப் போய்ச் சேர முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

இனி, இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்லாமல் விட முடியாத ஒன்று. சிவப்பு எண்ணெயின் பெருமையை இவ்வளவு பேசியதால், மறுபடி எண்ணெய்ப்பனை போடலாம் என்று நான் சொல்ல வருகிறேன் என எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்தத் தீவு 1957-ல் முழுவதும் ஓங்கே பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கப்பட்டது. 1970களில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு, குடியேற்றமும் மரவெட்டும் தோட்டமும் வந்தன. 2011 கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் 101 பேர். தீவுகளின் காடுகளை ஆராய உச்ச நீதிமன்றம் அமர்த்திய சேகர் சிங் ஆணையம், எண்ணெய்ப்பனை போன்ற ஒற்றைப்பயிர்த் தோட்டங்களை விரிவாக்கக் கூடாது, இருப்பதையும் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றது. 2002 மே 7-ல் நீதிமன்றம் அதை ஏற்று ஆணையிட்டது. தோட்டத்தை நடத்திய கழகத்தையே மூட மத்திய அமைச்சரவை 2017-ல் ஒப்புதல் அளித்தது. ஆனால் 2021-ல் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, அந்தமான் நிக்கோபார் மறுபடி சிறப்புக் கவனப் பகுதியாக இடம்பெற்றது. அப்போது சமையல் எண்ணெய்த் தன்னிறைவு பேசப்பட்டது. நாளை ஊட்டச்சத்தும் காரணமாகக் காட்டப்படலாம். ஊட்டச்சத்துத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் காரணத்துக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி என்றால் ஆண்டுக்கு ஒருவருக்கு 1.6 கிலோ. 2011 கணக்கெடுப்பின்படி லிட்டில் அந்தமான் மக்கள்தொகை 18,800-ஐ ஒட்டியது. பெரியவர், சிறியவர் அத்தனை பேருக்கும் கொடுத்தாலும் ஆண்டுக்கு முப்பது டன். நன்றாகப் பேணிய எண்ணெய்ப்பனை ஹெக்டேருக்கு மூன்று டன் எண்ணெய் தரும். பத்து ஹெக்டேர் போதும். விளைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் முப்பது ஹெக்டேர். 1,593 ஹெக்டேரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வைட்டமினுக்காக இந்தத் தீவில் இன்னொரு மரத்தைச் சாய்க்க வேண்டிய தேவை துளியும் இல்லை. ஏற்கெனவே திருத்திய நிலத்தில், வீட்டுக்கொல்லையில், அதுவும் நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டு முடிந்ததைச் செய்யலாம். அதற்கும் தடை என்றால் கேரளத்திலோ ஆந்திரத்திலோ விளையும் சிவப்பு எண்ணெயைச் சில டிரம்கள் கப்பலில் கொண்டுவரலாம். எண்ணெய்ப்பனையே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா என்ற ஆரஞ்சு வள்ளிக்கிழங்கில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் பூசணியும் இங்கே விளையாத கொல்லை இல்லை. அவற்றின் கரோட்டினைத் தேங்காய் எண்ணெயில் இறக்கி ஜெல்லில் பொதிய முடியும். ஜெல்லின் சிறப்பே கொஞ்சம் சத்தை வைத்துக்கொண்டு வீணாக்காமல் பலருக்குத் தருவதில் இருக்கிறது. அதைக் காட்டை அழிக்கும் சாக்காக மாற்றுவது அந்த அறிவியலுக்கே எதிரானது.

முடிவாக மூவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அங்கன்வாடிச் சகோதரிகளே, ஜெல் மணிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கீரையோ பூசணியோ பரிமாறும் நாளில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருப்பதை இன்றே உறுதி செய்யுங்கள், செறிவூட்டிய எண்ணெயை வெயில் படாத இடத்தில் வையுங்கள். நிர்வாகத்தில் இருப்போரே, இந்தத் தீவுகளுக்கு வரும் எண்ணெயில் குழந்தைகளின் தட்டை எட்டும் நேரத்தில் எவ்வளவு வைட்டமின் ஏ மிஞ்சுகிறது என்று ஹட் பே கிடங்கிலிருந்து மாதிரி எடுத்து ஆண்டுதோறும் அளந்து வெளியிடுங்கள். அது பெரிய செலவு பிடிக்கும் சோதனை அல்ல. மாணவர்களே, ஆல்ஜினேட் தூள், கால்சியம் லாக்டேட், சிரிஞ்ச் மூன்றையும் உங்கள் பள்ளி ஆய்வகத்தில் விட்டுச் செல்கிறேன். பருப்பில் போட்டால் குழந்தை துப்பாத மணியை நீங்கள் செய்து காட்டுங்கள்.